பாதித் திடலில் நிற்கும் மிஷின்

காஜா பேராங், மலாக்கா
8 அக்டோபர் 1957

அன்புத் தம்பி கருணாகரனுக்கு அக்கா சாரதாம்பாள் எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் ஜெயாவும் சுகம். உன் சுகத்தைக் கேட்டால் வயிற்றுவலியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுவாய். அதனால் நீ சுகமாக இருப்பதாகவே வைத்துக்கொள்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். கிளப் திடலில் உன் மாமா உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டும் மிஷின் உனக்குத் தெரியும். போன வருஷம் பூஜை லீவுக்கு வந்தபோது அதன் மேல் ஏறிக்கொண்டு, இறங்க மாட்டேன் என்று சின்னப் பிள்ளை மாதிரி அடம் பிடித்தவன்தானே நீ. அந்த மூதேவி இப்போது கிளம்ப மாட்டேன் என்கிறது. எத்தனை உதைத்தாலும் இரண்டு தும்மல் போட்டுவிட்டு அடங்கிவிடுகிறது. தப்பித் தவறிக் கிளம்பினால் பாதித் திடலில் போய் நின்றுகொள்கிறது.

சுதந்திரம் வந்த கையோடு வெள்ளைக்காரச் செக்ரெட்டரி கப்பலேறிவிட்டார். அவர் நாற்காலியில் இப்போது நம்மவர் ஒருவர், சேதுராமன் என்று பெயர். நம்மவர் வந்தால் நமக்கு அனுகூலம் என்று நானும் சந்தோஷப்பட்டேன். வந்த வாரமே திடலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நம் வாசலில் நின்று என்னிடம் சொன்னார்: "புல்லு முழங்கால் வரைக்கும் நிக்குதும்மா. வருஷக் கடைசி விளையாட்டுக்குள்ள திடல் ஒழுங்கா இல்லன்னா நாங்க வேற ஆளு பாத்துக்குவோம். குவார்ட்டர்ஸும் வர்ற ஆளுக்குத்தான்."

வேலையும் போய், இந்த வீடும் போனால் பள்ளிக்கூடம் போகிற மகள் ஜெயாவைக் கூட்டிக்கொண்டு எங்கே போவது? ஆனால் போக விடுவேன் என்று நினைத்தாயா? இரும்புக்கு இத்தனை வீம்பு இருந்தால் எனக்கு எத்தனை இருக்கும்! என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாக எழுது. உன் மாமாதான் கேட்கச் சொன்னார்.

அக்கா,
சாரதாம்பாள்


குளுவாங்
14 அக்டோபர் 1957

அக்காவுக்கு வணக்கம். வயிறு நன்றாக இருக்கிறது. நீ கேட்காததால் ஒரே வரியில் முடித்துவிட்டேன். நீங்கள் மூவரும் சுகம் என்பதில் சந்தோஷம்.

முதலில் தொட்டியில் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிரிக்காதே. போன வாரம் எங்கள் மானேஜர் காரை நாலு பேர் மூச்சு வாங்கப் பட்டறை வரை தள்ளிக்கொண்டு வந்தோம். அதில் ஒரு சொட்டு பெட்ரோல் இல்லை.

அடுத்து, தொட்டிக்குக் கீழே உள்ள திருகு திறந்திருக்க வேண்டும். பிறகு பிளக்கைக் கழற்றி, நுனியில் இருக்கிற கரியைச் சுரண்டி, வயரோடு சேர்த்து என்ஜின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு உதைக்க வேண்டும். நீலமாகப் பொறி வந்தால் பிளக் நல்ல பிளக். மஞ்சளாக வந்தாலும் வராவிட்டாலும் புதிது வாங்க வேண்டும். கார்புரேட்டர் பக்கத்தில் ஒரு சின்னக் குமிழ் இருக்கும். அதைப் பெட்ரோல் கசிகிற வரை அழுத்திவிட்டுப் பிறகு உதைத்தால் சட்டென்று கிளம்பும்.

ஆனால் அக்கா, இதெல்லாம் மாமாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியுமே. அந்த மிஷினை ஒற்றை ஆளாகப் பிரித்துப் பூட்டுகிறவர் என்னிடம் கேட்கச் சொன்னார் என்பதை நம்ப முடியவில்லை. உனக்கும் அவருக்கும் ஏதாவது சண்டையா? சண்டை என்றால் நான் மாமா பக்கம்தான்.

தம்பி,
கருணாகரன்


காஜா பேராங்
24 அக்டோபர் 1957

தம்பிக்கு ஆசிகள். தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்தாயா, இல்லை கிரீஸ் கையோடு முறுக்கைக் கடித்தாயா? இங்கே எல்லோரும் சுகம். உன் மாமாவும் சுகம். சண்டை கிண்டை ஒன்றும் இல்லை. இருந்தால் நீ யார் பக்கம் என்பதை நேரில் வரும்போது பார்த்துக்கொள்கிறேன்.

நீ எழுதிய வரிசைப்படியே செய்தாயிற்று. பொறி நீலமாகத்தான் வந்தது. அது என் முழங்கை வரை சுரீரென்று ஏறியதில் ஐயோ என்று கத்திவிட்டேன். அதாவது, உன் மாமா உதைக்க, நான் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றேன். குமிழை அழுத்தியதும் நல்ல பிள்ளையாகக் கிளம்பியது. எனக்கு வந்த சந்தோஷத்தில் வீட்டுக்குப் போய்ப் பாயசமே வைத்திருப்பேன். மூன்று வரி வெட்டி முடித்து நாலாவது வரியில் திரும்பியதும் 'புஸ்' என்று நின்றுவிட்டது, திடலுக்கு நட்டநடுவில்! டென்னிஸ் ஆடுகிற ஆபீஸ் கிராணிமார்கள் வருகிற நேரம் வேறு.

நல்ல வேளை, பக்கத்து வீட்டு மீனாச்சி அக்கா ஓடி வந்தாள். மலாக்கா செட்டிமார் வீட்டு அம்மாதான், உனக்கு ஞாபகம் இருக்கும். அவளுக்குத் தமிழ் வராது, பேச்செல்லாம் மலாய், சாமி மட்டும் நம்ம சாமி. "தாக் அப்பா, தாக் அப்பா", பரவாயில்லை பரவாயில்லை என்று என்னைத் தேற்றிக்கொண்டே சாரோங்கைத் தூக்கிச் செருகிக்கொண்டு தள்ளினாள். இரண்டு பேருமாகக் கொட்டகையில் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் இடுப்பு கழன்றுவிட்டது.

கிளம்புகிற மிஷின் ஏன் நிற்கிறது? அதைச் சொல்.

சாரதாம்பாள்


குளுவாங்
30 அக்டோபர் 1957

அக்காவுக்கு, எண்ணெய் தேய்த்துக் குளித்தேன், முறுக்கும் தின்றேன், சுகம்.

மூன்று கேள்வி. நின்றவுடன் பிளக்கைக் கழற்றினால் ஈரமாக இருக்கிறதா, காய்ந்திருக்கிறதா? நின்ற பிறகு என்ன செய்தால் மறுபடி கிளம்புகிறது? எல்லா நாளும் ஒரே மாதிரி நிற்கிறதா, இல்லை ஒரு நாள் நன்றாக ஓடி ஒரு நாள் நிற்கிறதா?

நாலாவது கேள்வி மிஷினைப் பற்றியது இல்லை. மாமா ஒருவரே ஒற்றைக் கையால் தள்ளுகிற மிஷினை நீயும் மீனாச்சி அக்காவும் ஏன் தள்ளினீர்கள்? அவர் எங்கே போயிருந்தார்?

கருணாகரன்


காஜா பேராங்
10 நவம்பர் 1957

தம்பிக்கு, இங்கே மழை பிடித்துக்கொண்டது. மழை பெய்தால் புல்லுக்குக் கொண்டாட்டம், எனக்கு வயிற்றெரிச்சல். ஜெயா பரீட்சைக்குப் படிக்கிறாள். எல்லோரும் சுகம்.

பிளக் சுத்தமாகக் காய்ந்து கிடக்கிறது. பெட்ரோல் தீர்ந்துவிட்டதோ என்று தொட்டி மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தால், ததும்பத் ததும்ப இருக்கிறது. சரி என்று மூடியைப் போட்டுவிட்டு உதைத்தால் ஒன்றும் நடக்காத மாதிரி கிளம்புகிறது! நான் திறந்து பார்த்தேன் என்ற வெட்கமோ என்னவோ. அப்புறம் இரண்டு மூன்று வரி வெட்டும், மறுபடி நிற்கும்.

எல்லா நாளும் ஒரே மாதிரி இல்லை. வெள்ளியும் சனியும் மகா மோசம். புதன், வியாழன் வந்தால், 'போனால் போகிறது' என்று முழுத் திடலையும் வெட்டித் தருகிறது. இதற்கு நான் என்ன குறை வைத்தேன், நீயே சொல். சரஸ்வதி பூஜையிலிருந்து ஒரு வெள்ளிக்கிழமை தவறவில்லை. தலைக்குக் குளித்து, துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையாரைக் கும்பிட்டுப் பூ வாங்கி வந்து, மீனாச்சி அக்கா அரைத்துக் கொடுக்கிற சந்தனத்தைக் கெட்டியாக எடுத்துத் தொட்டி மூடியின் மேல் வட்டமாக அப்பி, அதுதானே அதற்குத் தலை, நடுவில் குங்குமம் வைத்து, எட்ட நின்று கற்பூரம் காட்டுகிறேன். பெற்ற பிள்ளைக்குக்கூட இப்படிச் செய்ததில்லை. சந்தனம் வைத்த அன்றைக்கே நிற்கிறதே, இதைவிட நன்றிகெட்ட ஜென்மம் உண்டா?

சேதுராமன் மறுபடி வந்தார். "பாதி மொட்டை, பாதி காடு, என்ன வேலை இது?" என்றார். எனக்கு வந்த கோபத்தை அடக்கிக்கொண்டு, "மழைங்க ஐயா" என்று மட்டும் சொன்னேன்.

நாலாவது கேள்விக்கு: உன் மாமா மீன் வாங்கப் பசாருக்குப் போயிருந்தார்.

சாரதாம்பாள்


குளுவாங்
16 நவம்பர் 1957

அக்கா, நான் சுகம். உன் கடிதத்தைப் பட்டறையில் நின்றபடியே படித்தேன். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எல்லோரும் என்னவென்று கேட்டார்கள். கடைசி வரிக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

முதலில் மிஷின். தொட்டி மூடியின் நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஓர் ஓட்டை இருக்கிறது. தொட்டி மூச்சு விடுவது அதன் வழியாகத்தான். பெட்ரோல் கீழே இறங்க இறங்க, மேலே காற்று உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் பெட்ரோல் இறங்காமல் நின்றுவிடும். டின் பாலில் ஒரே ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் பால் வருகிறதா? இரண்டாவது ஓட்டை போட்டால்தானே வருகிறது. நீ வெள்ளிக்கிழமைதோறும் அந்த ஓட்டையைச் சந்தனத்தால் அடைக்கிறாய். மூடியைத் திறக்கும்போது காற்று போகிறது, கிளம்புகிறது. புதன்கிழமைக்குள் சந்தனம் காய்ந்து, அதிர்வில் உதிர்ந்துவிடுகிறது, நன்றாக ஓடுகிறது. அது நன்றிகெட்ட ஜென்மம் இல்லை அக்கா. நீதான் மூக்கைப் பொத்தி ஆசீர்வாதம் செய்கிறாய். மூடியைச் சுடுதண்ணீரில் கழுவி, ஊசியால் ஓட்டையைக் குத்திவிடு. சந்தனத்தை வேறு எங்கே வேண்டுமானாலும் வை.

இப்போது இன்னொரு விஷயம். போன வருஷம் பூஜைக்கு வந்தபோது அந்த மூடியில் பொட்டு வைக்கப் போனவன் நான். நீ அடுப்படியில் இருந்தாய். மாமா என் கையைக் கப்பென்று பிடித்து, "அங்க வேணாம்டா, அது மூச்சு விடற இடம்" என்றார். அப்படிப்பட்டவர் வாராவாரம் நீ அப்புவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாரா? பூஜையிலிருந்து ஒரு நாளாவது அவர் அந்த மிஷின் பக்கம் வந்திருந்தால் துடைத்துப் போட்டிருப்பாரே.

மாமா எங்கே அக்கா?

கருணாகரன்


காஜா பேராங்
25 நவம்பர் 1957

தம்பி, உனக்குக் கோடிப் புண்ணியம்! தண்ணீரில் ஊறவைத்து, ஊசியால் குத்தி, ஊதிப் பார்த்தேன். சந்தனம் கட்டியாக வந்து விழுந்தது. அத்தனை வாரச் சந்தனமும் அந்தச் சின்ன ஓட்டையில் குடியிருந்திருக்கிறது.

ஒரே உதை. கிளம்பியது பார், கோவில் மேளம் மாதிரி! முழுத் திடலையும் வெட்டி முடித்து, சுற்றோரமும் வெட்டி, கொட்டகைக்கு அதன் காலிலேயே வந்து சேர்ந்தது. திடல் இப்போது இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி வரி வரியாகக் கிடக்கிறது. மீனாச்சி அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கை தட்டினாள். சந்தனத்தை அரைத்துக் கொடுத்தவள் அவள்தான் என்பதால் ஓட்டை விஷயத்தை அவளிடம் சொல்லவில்லை, பாவம்.

சேதுராமன் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் திருப்தி என்று அர்த்தம். ஜெயா பாஸாகிவிட்டாள். மழையும் விட்டிருக்கிறது.

சாரதாம்பாள்


குளுவாங்
30 நவம்பர் 1957

அக்கா,

மிஷின் ஓடுகிறது, ஜெயா பாஸ், மழை நின்றது. எல்லாம் எழுதினாய். எல்லோரும் சுகம் என்று எப்போதும் எழுதுகிற வரியை இந்த முறை எழுதவில்லை. ஒரு வாரத்துக்குள் பதில் வராவிட்டால் லீவு கிடைக்காவிட்டாலும் பஸ் ஏறிவிடுவேன்.

கருணாகரன்


காஜா பேராங்
4 டிசம்பர் 1957

தம்பி கருணா, பஸ் ஏறாதே. இதைப் படித்து முடித்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடி.

உன் மாமா செப்டம்பரிலிருந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார். நெஞ்சில் காசம். சுதந்திர தினத்துக்குத் திடலை வெட்டி முடித்த வாரமே இருமலில் ரத்தம் வந்தது. நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். நெஞ்சுப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு அன்றைக்கே படுக்க வைத்துவிட்டார்கள். என்னையும் ஜெயாவையும் படம் எடுத்துப் பார்த்ததில் எங்களுக்கு ஒன்றும் இல்லை. அவருக்குத் தினமும் ஊசி. மெலிந்துதான் போனார், ஆனால் இப்போது சாப்பாடு இறங்குகிறது. "இன்னும் மூணு மாசம் போனா வீட்டுக்குப் போயிடுவாரு, பயப்படாதீங்க" என்று அந்த வார்டு நர்ஸ் மிஸியே சொன்னாள்.

கிளப்பில் யாருக்கும் தெரியாது. காசம் என்று வாயைத் திறந்தால் அன்றைக்கே வேறு ஆளை வைத்து, எங்களை வெளியே நிறுத்திவிடுவார்கள். அதனால் நானே ஓட்டுகிறேன். அவருடைய காக்கிக் கால்சட்டையைப் போட்டு, மேலே அவருடைய சட்டை, தலையில் அவருடைய பெரிய தொப்பி. விடியற்காலையில் ஏறி, ஆட்கள் வருவதற்குள் இறங்கிவிடுவேன். உட்கார்ந்து ஓட்டுகிற மிஷினாக இருப்பது கடவுள் செயல். நடந்தால் என் நடை காட்டிக் கொடுத்துவிடும், உட்கார்ந்திருந்தால் தூரத்திலிருந்து யாருக்குத் தெரியும்? ஒரு நாள் சேதுராமன் கார் ஜன்னலிலிருந்து கையாட்டினார். நானும் ஆட்டினேன். சம்பளத்தை எப்போதும் நான்தான் போய் வாங்குவேன், உன் மாமா கூச்சக்காரர், அதனால் அதிலும் சந்தேகம் வரவில்லை. ஆறு வருஷம் அவருக்குக் கோப்பி கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டே பார்த்த வேலைதானே. ஓட்டத் தெரிந்தது. நின்றால் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

அவரிடமே கேட்டிருக்கலாமே என்பாய். அவருக்கும் தெரியாது. கிளப்பில் தற்காலிகமாக ஓர் ஆளை வைத்திருக்கிறார்கள், உங்கள் இடம் உங்களுக்குத்தான் என்று சொல்லியிருக்கிறேன். நான் ஓட்டுகிறேன் என்று தெரிந்தால் அந்த மனுஷன் ஊசியைப் பிடுங்கி எறிந்துவிட்டு எழுந்து வந்துவிடுவார். வந்தால் செத்துப்போவார். உன்னிடம் சொன்னால் நீ வேலையை விட்டு ஓடி வருவாய். இப்போதுதான் உன்னை நிரந்தரமாக்கியிருக்கிறார்கள்.

எனக்குப் பயமே இல்லை என்று எழுதினால் அது பொய். திடல் நடுவில் அது நின்றபோதெல்லாம், தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எழுந்தால் எல்லாம் போச்சு என்று, சுற்றிலும் ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் இறங்குவேன். உன் மாமாவும் போய், வீடும் போய்விடுமோ என்று அழுதிருக்கிறேன். இப்போது இல்லை. மிஷின் ஓடுகிறது, அவரும் தேறுகிறார். நான் பார்த்துக்கொள்வேன்.

உன் அக்கா


குளுவாங்
10 டிசம்பர் 1957

அக்கா,

தண்ணீர் குடித்தேன். அழுதேன். கோபத்தில் ஒரு ஸ்பேனரை விட்டெறிந்தேன், அது எங்கே போனது என்று இன்னும் தேடுகிறோம். நீ பெரிய கெட்டிக்காரி என்பது எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். என்னிடம் மறைக்கிற அளவுக்குக் கெட்டிக்காரி என்பதுதான் தெரியாது. மாமாவுக்கு நேராகக் கடிதம் எழுதுகிறேன். மிஷினைப் பற்றி மூச்சு விட மாட்டேன்.

கால்சட்டையின் அடியைக் கணுக்காலோடு கயிறு போட்டுக் கட்டிக்கொள். கத்தி உருளைக்குப் பக்கத்தில் தொங்குகிற துணி இருக்கவே கூடாது. கிளப்பும்போது வெறும் உதை உதைக்காதே. மிதியை மெதுவாக அழுத்து. ஒரு இடத்தில் இறுகும். அந்த இடத்திலிருந்து உடம்பு பாரத்தோடு ஒரே அடியாக இறக்கு. உன் எடைக்கு அதுதான் சரி.

இன்னொன்று. சேதுராமனிடம் நீயே போய்ச் சொல்லிவிடு. அவராகக் கண்டுபிடித்தால் நீ ஏமாற்றுக்காரி. நீயாகச் சொன்னால் வேலைக்காரி. விளையாட்டு விழா முடிந்து, திடல் நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொல்கிற நேரம் பார்த்துச் சொல். பிறந்த வீடு குளுவாங்கில் இருக்கிறது என்பதை மறக்காதே. பட்டறைக்குப் பின்னால் ஒரே ஒரு அறைதான், ஆனால் இருக்கிறது.

கருணாகரன்


காஜா பேராங்
3 ஜனவரி 1958

அன்புத் தம்பிக்குப் புது வருஷ ஆசிகள். உன் மாமாவின் எடை கூடியிருக்கிறது. நானும் ஜெயாவும் நன்றாக இருக்கிறோம். உட்கார்ந்து படி, சிரிக்க வேண்டியிருக்கும்.

விழா அமர்க்களமாக நடந்தது. அது முடிந்ததும் சொல்லலாம் என்று நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் மனுஷன் பாராட்டுகிறேன் என்று காலையிலேயே கிளம்பி வந்துவிட்டார். நான் பாதித் திடலில் இருக்கிறேன். "பொன்னுதுரை! பொன்னுதுரை!" என்று உன் மாமாவைக் கூப்பிட்டுக்கொண்டு புல்லில் இறங்கி வருகிறார். காது கேளாதவள் போலத் திருப்பிக்கொண்டு அந்தப் பக்கம் ஓட்டினேன். அவரும் அந்தப் பக்கம் வந்தார். இந்தப் பக்கம் திருப்பினேன். இந்தப் பக்கம் வந்தார். இந்த மிஷின் நடக்கிற வேகத்துக்கு மேல் போகாது என்பது உனக்குத் தெரியும். அவரோ பளபளவென்ற பூட்ஸில் ஓட்டமும் நடையுமாகத் துரத்துகிறார். "நில்லுப்பா! உன்னைத் திட்ட வரலப்பா!" என்கிறார். மீனாச்சி அக்கா வேலியோரம் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள்.

எத்தனை நேரம் சுற்றுவது? எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. நானாக என்ஜினை நிறுத்தினேன். இறங்கினேன். தொப்பியைக் கழற்றினேன்.

"நீயாம்மா? பொன்னுதுரை எங்க?" என்றார்.

"நான்தாங்க ஐயா. அவரு ஆஸ்பத்திரில இருக்காரு. காசம். செப்டம்பர்லேருந்து நான்தான் வெட்டறேன்."

காசம் என்றதும் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு பின்னால் போனார். "எனக்கு ஒண்ணும் இல்ல, படம் எடுத்துப் பாத்தாச்சு" என்றேன். அப்போதும் கைக்குட்டை இறங்கவில்லை.

"இத்தனை நாளா எங்களை ஏமாத்தியிருக்கே."

"ஆமாங்க. ஏமாத்தித்தான் வெட்டினேன். வெட்டாம ஏமாத்தலியே."

"கமிட்டில பேசணும்மா. நான் மட்டும் முடிவு பண்ற விஷயம் இல்ல இது."

"பேசுங்க ஐயா. பேசி முடிக்கற வரைக்கும் புல்லு காத்துக்கிட்டு இருக்காது. பாதித் திடல் கிடக்கு, முடிச்சிட்டு வந்துடறேன்" என்று சொல்லி, நீ எழுதினபடியே மிதியை இறுகுகிற இடத்துக்குக் கொண்டுபோய் ஒரே அடி அடித்தேன். தம்பி, அந்த நேரத்தில் அது மட்டும் கிளம்பாமல் போயிருந்தால் அங்கேயே குழி வெட்டிப் புதைத்திருப்பேன். கிளம்பியது. அவர் கைக்குட்டையோடு நின்றபடி நான் முடிக்கிற வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காரில் ஏறிப் போய்விட்டார்.

அடுத்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கமே இல்லை. பிறகு கமிட்டி கூடியது. பெண்பிள்ளை புல் வெட்டக்கூடாது என்று கிளப் சட்டத்தில் எங்கேயும் இல்லையாம். எந்த வெள்ளைக்காரனுக்கும் அப்படி எழுதி வைக்கத் தோன்றவில்லை போலிருக்கிறது. மாமா தேறி டாக்டர் சரி என்று சொல்கிற வரை வேலை என் பெயரில், வீடும் எங்களுக்கு. சேதுராமனே வந்து, தூர நின்றுதான், சொன்னார். கூடவே ஒரு நிபந்தனை: "கால்சட்டை வேணாம்மா. மெம்பர்ஸ் ஒரு மாதிரி பேசறாங்க. சேலையிலயே ஓட்டு."

"சேலை கத்தியில சுத்திக்கிச்சுன்னா கமிட்டி வந்து அவிழ்க்குமா ஐயா?" என்று கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, கால்சட்டையே இருக்கட்டும் என்று போய்விட்டார். தங்கமான மனுஷன், பயந்த சுபாவம், அவ்வளவுதான்.

குளுவாங்கில் ஒரு அறை இருக்கிறது என்று எழுதினாயே, அந்த வரியை மட்டும் எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கே இல்லை.

சாரதாம்பாள்


காஜா பேராங்
19 மார்ச் 1958

அன்புத் தம்பிக்கு, உன் மாமா வீட்டில் இருக்கிறார். இப்போதுதான் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார், வெங்காயச் சாம்பாரும் கருவாடும். நன்றாகத் தூங்குகிறார்.

போன வெள்ளிக்கிழமை கூட்டி வருவதாக இருந்தது. வீட்டில் வைத்து மெதுவாக எல்லாவற்றையும் சொல்லலாம் என்று பேச்சைக்கூடத் தயார் பண்ணி வைத்திருந்தேன். டாக்டர் ஒரு நாள் முன்னாலேயே விட்டுவிட்டாராம். அந்த மனுஷன் ஒரு சைக்கிள் திரிஷா பிடித்து நேரே வந்து இறங்கிவிட்டார். வீடு பூட்டியிருக்கிறது. வேலியோரம் மீனாச்சி அக்கா. திடலில் மிஷின் ஓடுகிறது. அதன் மேல் தொப்பி போட்ட ஓர் ஆள்.

"யாரு அந்தப் புது ஆளு? நல்லா ஓட்டறானே, வரி நேரா இருக்கே" என்று அவளிடம் மலாயில் கேட்டிருக்கிறார். அவள் சிரித்துக்கொண்டே திடலைப் பார்த்துக் கையைக் காட்டியிருக்கிறாள். தற்காலிக ஆள் இத்தனை நன்றாக ஓட்டுவதைப் பார்த்து உன் மாமாவுக்கு முகம் வாடிவிட்டதாம். தன் இடம் போய்விட்டது என்று நினைத்துவிட்டார். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை.

நான் அந்தக் கோடியில் திரும்பினேன். திரும்பியதும் வேலிக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் ஓர் ஒல்லி உருவம். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அவருக்குத்தான் தெரியவில்லை. நிறுத்திவிட்டு ஓடலாம் என்று ஒரு நினைப்பு. ஆனால் வரியின் நடுவில் நிறுத்தினால் புல்லில் தழும்பு விழும், அவருக்குப் பிடிக்காது. அதனால் அப்படியே அவரை நோக்கி ஓட்டிக்கொண்டு வந்தேன். கண்ணீர் கொட்டுகிறது, துடைக்கக் கை இல்லை, இரண்டு கையும் பிடியில். ஒரு திடல் நீளத்துக்கு அழுதுகொண்டே வந்தேன். பக்கத்தில் வந்ததும் அவர் என் முகத்தைப் பார்த்தார், கால்சட்டையைப் பார்த்தார், கணுக்காலில் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்தார். என்ஜின் சத்தத்தில் ஏதோ சொன்னார், கேட்கவில்லை. நிறுத்தினேன்.

"எப்பலேருந்து சாரதா?"

"நீங்க படுத்ததிலேருந்து."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். தோள் குலுங்கியது. ஆறு மாதம் படுத்துக் கிடந்தபோதுகூட அவர் அழுது நான் பார்க்கவில்லை. மீனாச்சி அக்கா மெல்ல உள்ளே போய்விட்டாள்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் எத்தனை வரி இருக்கு?" என்று கேட்டார். ஒரு வருஷத்துக்கு மிஷின் பக்கமே போகக் கூடாது, அதிர்வு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதைச் சொன்னேன். "ஏற மாட்டேன், நீ ஓட்டு" என்றார். ஓட்டினேன். அவர் வேலியைத் தாண்டி வந்து, பக்கத்திலேயே என் வேகத்துக்கு நடந்தார். நானும் இருந்ததிலேயே மெதுவாக விட்டேன். காலைப் புல்வாசனையை இழுத்து இழுத்து மூச்சு விட்டார். ஒரே ஒரு இருமல்கூட இல்லை, கருணா. நான் முன்னால் பார்ப்பதை விட்டு அவரையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

கோடிக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால், பாம்பு போன தடம் மாதிரி வளைந்து கிடக்கிறது வரி. இத்தனை மாதத்தில் அப்படி ஒரு கேவலமான வரியை நான் வெட்டியதில்லை.

"கோணலா இருக்கு" என்றார் உன் மாமா.

"நீங்க பக்கத்துல நடந்து வந்தா அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

உன் அக்கா,
சாரதாம்பாள்